புறநகர் வளருது, ரோடு ஈடு கொடுக்குமா? – அடிக்கடி கேக்குற கேள்விகள்

புதுசா வீடுங்க முளைக்கிற இடத்துல ரோடு பத்தி பேச்சு எடுத்தாலே சுத்தி சுத்தி அதே சந்தேகங்க தான் வருது. ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி சொல்லி, சரி ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு உக்காந்தேன். கேள்விய கேட்டவங்க வாயில வந்த மாதிரியே போட்டிருக்கேன். முதல்ல ஈஸியானது, போகப் போக சிக்கலானது. மேல சொன்ன கணக்க கீழ திரும்ப சொல்ல மாட்டேன், அதனால புதுசா படிக்கிறவங்க வரிசையா வாங்க.

ரோட்டோட கெபாசிட்டின்னா என்னங்க, அந்த ரோட்டுல எத்தனை வண்டி நிக்கும்னா?

இல்ல. ரோடு தண்ணி தொட்டி மாதிரி இல்ல, குழாய் மாதிரி. எவ்ளோ பிடிக்கும்ங்கறது கேள்வி இல்ல, ஒரு மணி நேரத்துல ஒரு இடத்தை எத்தனை வண்டி தாண்டிப் போகும்ங்கறது தான் கெபாசிட்டி. ஜாம் ஆகி முட்டி மோதி நிக்கிறப்ப ரோடு நிறைய வண்டி இருக்கும், ஆனா தாண்டிப் போறது கொஞ்சம் தான். சிக்னலே இல்லாத நல்ல எக்ஸ்பிரஸ்வேயில ஒரு லேன்ல மணிக்கு 2,000ல இருந்து 2,400 கார் வரைக்கும் போகும், அதுக்கு மேல தள்ள முடியாது.

இத 1930கள்லயே அமெரிக்காவுல ப்ரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ்னு ஒரு இன்ஜினியர் ஓஹையோ ரோட்டோரத்துல கேமரா வச்சு படம் எடுத்து அளந்து காமிச்சார். வண்டி கூடக் கூட ஓட்டமும் கூடும், ஒரு அளவுக்கு மேல இன்னும் வண்டி ஏறுனா வேகம் விழுந்து ஓட்டமே குறைஞ்சிடும். அதாவது நமக்கு ரோடு ரொம்ப தேவைப்படுற நேரத்துல தான் அது தன் முழு வேலைய செய்யாது. இது ஒண்ணு மனசுல நின்னா பாதி கேள்விக்கு பதில் கிடைச்ச மாதிரி.

எங்க மெயின் ரோடு நல்லா அகலமா தான் இருக்கு, அப்புறம் ஏன் சிக்னல்ல இவ்ளோ நேரம் நிக்கிறோம்?

ஒரு நாள் சாயங்காலம் ஒரு சிக்னல் ஓரமா நின்னு ஒரே ஒரு லேனை மட்டும் பாருங்க. பச்சை விழும், முதல் வண்டி உடனே கிளம்பாது, டிரைவர் நிமிர்ந்து பாத்து கியர் போட்டு கிளம்பறதுக்குள்ள ரெண்டு செகண்ட் போயிடும். அப்புறம் சுமாரா ரெண்டு செகண்டுக்கு ஒரு கார்னு கோட்டை தாண்டும். பச்சை 40 செகண்ட்னு வைங்க, வீணானது போக 38, அப்ப 19 கார். இருபதாவது ஆள் பிரேக் போட்டு நிப்பார், அவர் முகத்தை பாத்தாலே தெரியும்.

ஒரு சுத்துக்கு ரெண்டு நிமிஷம்னா மணிக்கு 30 சுத்து, 19 பெருக்கல் 30, வெறும் 570 கார். எக்ஸ்பிரஸ்வேயில 2,000க்கு மேல போற அதே அகல லேன் இங்க 570 தான் விடுது, ஏன்னா மூணுல ஒரு பங்கு நேரம் தான் அதுக்கு பச்சை, மீதி நேரம் மத்த திசைக்கு. அதனால நகர ரோட்டோட கெபாசிட்டிய முடிவு பண்றது ரோட்டோட நடுப்பகுதி இல்ல, ஜங்ஷன். நடுவுல எட்டு லேன் போட்டு ஜங்ஷன்ல ரெண்டு லேனா சுருக்கினா அது ரெண்டு லேன் ரோடு தான். இந்த 570ஐ நினைவுல வச்சுக்கங்க, கீழ நிறைய தடவை தேவைப்படும்.

அப்ப அந்த ஜங்ஷன்ல ஃப்ளைஓவர் கட்டிட்டா சரியாயிடும்ல?

அந்த ஜங்ஷன் சரியாகும். ஆனா அங்க தேங்கி நின்ன கூட்டம் ஃப்ளைஓவர் ஏறி இறங்கி நேரா அடுத்த ஜங்ஷன்ல போய் நிக்கும், அந்த ஜங்ஷனுக்கு இதுவரைக்கும் பிரச்சனை இல்லாம இருந்ததே முன்னாடி இருந்த ஜங்ஷன் தடுத்து வச்சதால தான். ரயில்வே கேட்டுக்கு மேல கட்டுற பாலம், ரெண்டு பெரிய ரோடு குறுக்க வெட்டுற இடம், இதுக்கெல்லாம் ஃப்ளைஓவர் ரொம்ப உபயோகம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா யாராவது பிளான் காட்டினா இறங்குற இடத்துக்கு அடுத்த ரெண்டு ஜங்ஷன் என்ன ஆகும்னு கணக்கு இருக்கான்னு முதல்ல கேளுங்க.

பஸ், லாரி, பைக், ஆட்டோ எல்லாம் கலந்து ஓடுற ரோட்டுல எப்படிங்க எண்ணுவாங்க?

எல்லாத்தையும் கார் கணக்குக்கு மாத்துவாங்க. பி.சி.யு., அதாவது பாசஞ்சர் கார் யூனிட்னு சொல்வாங்க, ஒரு கார் 1, பைக் அதுல பாதியோ அதுக்கும் குறைவோ, பஸ் லாரி ரெண்டு மூணு. மதிப்பு ரோட்டுக்கு ரோடு மாறும், கூட்டத்துல பைக் சந்துல பூந்து முன்னாடி வந்துடும், ஏத்தத்துல லாரி இன்னும் அதிக இடத்தை அடைக்கும். ஒரு எச்சரிக்கை, இந்த கணக்கு வண்டிய எண்ணுது, ஆள எண்ணல. 50 பேரோட வர்ற பஸ் இதுல மூணு காருக்கு சமமா போயிடுது, அது ஏன் தப்பா முடியும்னு பஸ் கேள்வியில சொல்றேன்.

ஆயிரம் வீடு புதுசா வந்தா ரோட்டுல எத்தனை வண்டி கூடும், தோராயமா சொல்லுங்க

ஊர் எப்படிப்பட்டதுங்கறத பொறுத்து. எதுக்கெடுத்தாலும் கார் எடுக்கற அமெரிக்க புறநகர்ல தனி வீடு ஒண்ணுக்கு ஒரு நாளைக்கு 9ல இருந்து 10 கார் பயணம்னு எண்ணி வச்சிருக்காங்க, வீட்டுல இருந்து போறது ஒண்ணு, வர்றது ஒண்ணுன்னு தனித்தனியா கணக்கு. அதுல சாயங்கால பீக் ஹவர்ல மட்டும் வீட்டுக்கு ஏறக்குறைய ஒண்ணு. ஆக ஆயிரம் வீட்டுக்கு அந்த ஒரு மணி நேரத்துல ஆயிரம் கார், அதுல அறுநூறு சொச்சம் வீடு திரும்புறவங்க.

இப்ப அந்த 570ஐ பக்கத்துல வச்சு பாருங்க. ஆயிரம் வீடு சேர்ந்து ஜங்ஷன்ல ஒரு முழு லேனை எடுத்துக்குது, ஏற்கனவே அதுல ஓடிட்டிருந்தவங்களுக்கு மிச்சமே இல்லாம. வீடு விக்கிற விளம்பரத்துல நீச்சல் குளம் இருக்கும், இந்த கணக்கு இருக்காது. நடந்து போற தூரத்துல கடை, ஸ்கூல், நல்ல பஸ் இருக்கற இடத்துல எண்ணிக்கை நல்லாவே குறையும். அதனால வெளிநாட்டு எண்ண அப்படியே தூக்கிட்டு வந்து போடறத விட, அதே மாதிரி ஏற்கனவே ஆள் குடிவந்த ஒரு லேஅவுட் வாசல்ல காலையில ரெண்டு மணி நேரம் உக்காந்து எண்ணுறது எவ்ளோவோ மேல்.

பீக் ஹவருக்குன்னே ஏன் ரோடு டிசைன் பண்ணனும், மத்த நேரம் காலியா தானே கிடக்கு?

நியாயமான கேள்வி, இன்ஜினியர்களும் வருஷத்துலயே மோசமான ஒரு மணி நேரத்துக்கு டிசைன் பண்றதில்ல. அமெரிக்காவுல 1965ல இருந்து ஏ முதல் எஃப் வரைக்கும் மார்க் போடற மாதிரி ஒரு முறை வந்துச்சு, 'ஏ'ன்னா ஃப்ரீயா ஓடுது, 'எஃப்'னா ஜாம். புறநகர் ரோட்டுக்கு எல்லா நேரமும் ஏ வேணும்னு ஆசைப்பட்டா நாள் முழுக்க வெறிச்சோடி கிடக்குற, குழந்தைங்க குறுக்க கடக்க முடியாத ஒரு அகலமான தார் மைதானம் தான் கிடைக்கும். பீக்ல கொஞ்சம் மெதுவா, ஆனா நிக்காம நகர்ந்தா போதும்னு வைக்கறது தான் என் பார்வையில சரி.

வருஷத்துக்கு 5 சதவீதம் தான் ட்ராஃபிக் கூடுதாம், இதுக்கு ஏன் இவ்ளோ பதட்டம்?

5 சதவீதம்னா 14 வருஷத்துல ரெட்டிப்பு. 7னா பத்தே வருஷம். இன்னிக்கு ஒரு ரோடு கெபாசிட்டியில 80 சதவீதத்துல ஓடுது, யாருக்கும் புகார் இல்லைன்னு வைங்க, 5 சதவீத வளர்ச்சியில நாலரை வருஷத்துல அது நிறைஞ்சிடும். நிலம் எடுத்து, டெண்டர் விட்டு, கரண்ட் கம்பம் மாத்தி, ரோடு போட்டு முடிக்க அத விட அதிக நாள் ஆகும்ங்கறது எல்லாருக்கும் தெரியும்.

அதோட தாமதம் நேர்கோட்டுல ஏறாது. 1964ல இருந்து உலகம் பூரா பயன்படுத்துற ஒரு ஃபார்முலா இருக்கு, அதுப்படி காலி ரோட்டுல 10 நிமிஷம் ஆகற தூரம், கெபாசிட்டியில 80 சதவீதம் வண்டி இருந்தா 10.6 நிமிஷம், முழுசா நிறைஞ்சா 11.5, ஒன்றரை மடங்கு வண்டி வந்தா 17.6. முதல்ல வந்த வண்டிங்க அரை நிமிஷம் தான் கூட்டுச்சு, கடைசியா வந்தவங்க ஆறு நிமிஷம் கூட்டிட்டாங்க. நேத்து வரைக்கும் நல்லா தானே இருந்துச்சு திடீர்னு என்ன ஆச்சுன்னு ஜனங்க கேக்குறது இதனால தான், திடீர்னு எதுவும் ஆகல, மெதுவா நிறைஞ்சிட்டு வந்த ரோடு விளிம்பை தாண்டிடுச்சு.

இருபது வருஷம் கழிச்சு எவ்ளோ வண்டி வரும்னு எப்படி சொல்றாங்க, ஜோசியமா?

நாலு படி இருக்கு. ஒவ்வொரு ஏரியாவுல இருந்தும் எத்தனை பயணம் கிளம்பும், அது எங்க போகும், எதுல போகும், எந்த ரோடு வழியா போகும். 1950கள்ல டெட்ராய்ட், சிகாகோ மாதிரி நகரங்கள்ல ஆரம்பிச்ச முறை, இன்னிக்கு கம்ப்யூட்டர் பெருசாயிடுச்சு ஆனா எலும்புக்கூடு அதே தான்.

இதோட பலவீனம் முதல் படியிலயே இருக்கு, எந்த ஏரியாவுல எத்தனை பேர் குடியிருப்பாங்க எத்தனை வேலை இருக்கும்னு யாரோ ஒருத்தர் ஒரு எண்ணை போட்டாகணும். அந்த எண் தப்பானா மீதி எல்லாமே தப்பு. அதனால ஒரே ஒரு எண்ண மட்டும் காட்டுற ரிப்போர்ட்ட நான் நம்ப மாட்டேன், வளர்ச்சி மெதுவா இருந்தா என்ன, வேகமா இருந்தா என்ன, அந்த ஐடி பார்க் வராமலே போனா என்னன்னு மூணு விதமா போட்டு காட்டினா தான் அது உழைப்பு.

இப்பவே ஆறு லேன் போட்டு முடிச்சிட்டா பின்னாடி தொல்லை இல்லையே?

இங்க தான் ரெண்டு விஷயத்தை எல்லாரும் ஒண்ணா போட்டு குழப்பிக்கறாங்க. நிலம் வேற, தார் வேற. நிலத்தை இப்பவே ஒதுக்கணும், முழு அகலத்துக்கும், யோசிக்காம. தார மெதுவா போட்டுக்கலாம். இன்னிக்கு ரெண்டு லேன், ரெண்டு பக்கமும் மரமும் நடைபாதையும், நடுவுல புல்லு. பின்னாடி தேவைப்பட்டா நடு இடத்துல பஸ் லேன், இல்ல ட்ராம், இல்ல இன்னும் ரெண்டு லேன். தேவையே வரலைன்னா மரம் மரமாவே இருக்கட்டும், யாருக்கும் நஷ்டமில்ல.

தார அவசரப்பட்டு போட்டா ஆள் வர்றதுக்கு முன்னாடியே பராமரிப்பு செலவு ஆரம்பிச்சிடும், காலி அகல ரோட்டுல வேகமும் ஏறும், விபத்தும் கூடும். ஆனா நிலத்தை விட்டா திரும்ப கிடைக்காது. வயலா இருக்கறப்ப அது மேப்புல வெறும் ஒரு கோடு, வீடு வந்த பிறகு அதே கோடு நூறு குடும்பத்தோட சமையலறை நடுவுல போகும். இந்த பக்கம் முழுக்க நான் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் தான் சொல்ல முடியும்னா இதத்தான் சொல்வேன்: வீடு வர்றதுக்கு முன்னாடி கோடு வரணும்.

ஆளே இல்லாத பொட்டல்ல நூறு அடிக்கு இடம் ஒதுக்கறது வேஸ்ட் இல்லையா?

1811ல நியூயார்க் மன்ஹாட்டனுக்கு ஒரு தெரு பிளான் போட்டாங்க. அப்ப ஊரு தீவோட தெற்கு முனையில மட்டும் தான் இருந்துச்சு, மேல எல்லாம் பண்ணையும் மேடு பள்ளமும். ஆனா கமிஷனர்கள் 155வது தெரு வரைக்கும் கோடு போட்டுட்டாங்க, அவென்யூ எல்லாம் 100 அடி, சாதா தெரு 60 அடி. அப்ப காரும் இல்ல பஸ்ஸும் இல்ல. பார்சிலோனாவுல ஸெர்தாங்கற இன்ஜினியர் போட்டு 1859ல ஒப்புதல் ஆன பிளான்லயும் சாதாரண தெருவே 20 மீட்டர் அகலம், கட்டட மூலைய வெட்டி விட்டு ஜங்ஷன்ல இடம் விட்டிருந்தார். அந்த இடத்துல தான் இன்னிக்கு பஸ் திரும்புது, மரம் நிக்குது, ஜனங்க உக்காந்திருக்காங்க.

ரெண்டு ஊருலயும் வருங்காலத்துல எந்த வண்டி வரும்னு யாருக்கும் தெரியாது. இடம் விட்டு வச்சதால எது வந்தாலும் அதுக்கு ஏத்த மாதிரி மாத்திக்க முடிஞ்சுது.

எங்க நிலத்து மேல கோடு போட்டுட்டா நாங்க என்ன பண்றது? எங்க பாட்டன் சொத்துங்க

இந்த கோபம் முழுக்க நியாயம். கோட்டை போட்டு வச்சிட்டு இருபது வருஷம் நஷ்ட ஈடும் தராம, விக்கவும் கட்டவும் விடாம இழுக்கறது கொடுமை, அப்படி வாழ்ந்து பாத்த குடும்பம் அடுத்த எந்த ரோடு திட்டத்தையும் ஆதரிக்காது. கோடு போட்டா ஒரு கெடுவுக்குள்ள வாங்கணும் இல்லன்னா கோட்டை எடுக்கணும், அது சட்டத்துலயே இருக்கணும்.

இன்னொரு வழி, நிலத்தை சேர்த்து பிரிச்சுக்கறது. ஒரு ஏரியாவுல இருக்கற எல்லாரோட நிலத்தையும் ஒண்ணா சேர்த்து, ரோடு பார்க் ஸ்கூலுக்கு இடம் எடுத்துட்டு, மீதிய நல்ல வடிவத்துல மனையா பிரிச்சு அவங்கவங்களுக்கே திருப்பி தர்றது. பரப்பு குறையும், ஆனா ரோட்டு முகப்பு கிடைச்சதால மதிப்பு ஏறும், எல்லாத்துக்கும் மேல ஒருத்தர் மொத்தத்தையும் இழந்து பக்கத்துல இருக்கறவர் மட்டும் கோடீஸ்வரர் ஆகற அநியாயம் இல்ல. ஜப்பான் இத பல காலமா செய்யுது, 1923 நிலநடுக்கத்துக்கு அப்புறம் டோக்கியோவ திரும்ப கட்டுனதே பெரும்பாலும் இப்படித்தான். அகமதாபாத்துல 76 கிலோமீட்டர் சர்தார் படேல் ரிங் ரோட்டுக்கு இந்த முறையில நிறைய நிலம் கிடைச்சுது.

ஒவ்வொரு லேஅவுட்டும் முறைப்படி அப்ரூவல் வாங்கினது தான், அப்புறம் எப்படி மொத்த ஏரியாவும் ஜாம் ஆகுது?

ஏன்னா அப்ரூவல் தர்றப்ப ஒவ்வொண்ணையும் தனியா பாக்கறாங்க. 80 வீடு, ஒரு வாசல், மெயின் ரோட்டுல 30 அடி தெரு ஒண்ணு சேருது, பாதிப்பு கொஞ்சம் தான், ஓகே. அடுத்தது 120 வீடு, அதுவும் கொஞ்சம் தான், ஓகே. இப்படி பத்து பன்னெண்டு கொஞ்சம் சேர்ந்தா அந்த ஆயிரம் வீட்டு கணக்கு வந்துடும், ஆனா ஆயிரம் வீட்டுக்கு எந்த ஃபைல்லயும் யாரும் கணக்கு போட்டிருக்க மாட்டாங்க.

இன்னொரு சேதம் கண்ணுக்கு தெரியாது. பத்து லேஅவுட்டும் பத்து தனித்தனி பை மாதிரி, ஒவ்வொண்ணுக்கும் மெயின் ரோட்டை பாத்து ஒரே ஒரு வாய். ரெண்டு லேஅவுட்டுக்கு நடுவுல ஒரே ஒரு மதில் சுவர். நான் ஒரு தடவை அப்படி ஒரு சுவர் ஓரமா நின்னு பாத்தேன், அந்தப் பக்கம் ஸ்கூல், இந்தப் பக்கம் வீடு, ஒரு அம்மா பையனை வண்டியில ஏத்தி வெளிய போய், மெயின் ரோடு ஏறி, சிக்னல்ல நின்னு, யூ-டர்ன் அடிச்சு, ஸ்கூல் வாசலுக்கு வர கால் மணி நேரம் ஆச்சு. சுவர்ல ஒரு கதவு இருந்தா நடந்தே மூணு நிமிஷம். அந்த ஒரு பயணம் மெயின் ரோட்டுக்கு வந்திருக்கவே வேண்டியதில்ல. இப்படி எத்தனை ஆயிரம் பயணத்தை நாமளே ஜங்ஷனுக்கு தள்ளி விட்டிருக்கோம்னு நினைச்சா மனசு வலிக்குது.

பக்கத்து லேஅவுட்டோட தெருவ இணைச்சா வெளி வண்டியெல்லாம் எங்க தெருவுல பூந்துடும், குழந்தைங்க விளையாடுற இடம், வேண்டாங்க

பயம் சரி. அதுக்கு தீர்வு சுவர் இல்ல. நடக்குறவங்களுக்கும் சைக்கிளுக்கும் எல்லா பக்கமும் திறந்து விடுங்க, காருக்கு சில இடத்துல மட்டும். தெரு நடுவுல ரெண்டு கம்பம் நட்டா சைக்கிள் போகும், ஆம்புலன்ஸ் வந்தா கம்பத்தை கழட்டலாம், குறுக்கு வழி தேடுற கார் வராது.

அதோட எல்லா லேஅவுட்டும் இணைஞ்சிருந்தா எந்த ஒரு தெருவுக்கும் பெரிய கூட்டம் வராது, பத்து வழி இருக்கறப்ப வண்டி பிரிஞ்சு போயிடும். உங்க ஒரு தெரு மட்டும் திறந்திருந்து மத்த ஒன்பதும் மூடி இருந்தா தான் மொத்தமும் உங்க தலையில விழும். அதனால இத தெரு தெருவா பேசி தீர்க்க முடியாது, லேஅவுட் அப்ரூவல் சமயத்துலயே இத்தனை மீட்டருக்கு ஒரு இணைப்பு கட்டாயம்னு விதி இருக்கணும்.

கஷ்டப்பட்டு ரோட்ட அகலப்படுத்தினாங்க, ரெண்டே வருஷத்துல பழைய கதை ஆயிடுச்சு, ஏங்க?

அகலமான முதல் வாரம் ரோடு காலியா இருக்கும். அப்ப வேற வழியில சுத்திப் போனவங்க இதுக்கு வருவாங்க, கூட்டத்துக்கு பயந்து ஆறு மணிக்கே கிளம்பினவங்க எட்டு மணிக்கு கிளம்புவாங்க, ட்ரெயின்ல போனவங்க சிலர் கார் எடுப்பாங்க. இந்த மூணையும் ஆன்டனி டவுன்ஸ்ங்கற பொருளாதார நிபுணர் எப்பவோ எழுதி வச்சிட்டார். புறநகருக்கு நாலாவது ஒண்ணு இருக்கு, அது தான் பெருசு: ரோடு வேகமானதும் இன்னும் பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கற நிலம் திடீர்னு பக்கம் ஆயிடுது, அங்க லேஅவுட் போடறாங்க. வளர்ச்சிக்காக ரோடு போட்டோம், அந்த ரோடு அடுத்த வளர்ச்சிய கூட்டிட்டு வருது.

ஹூஸ்டன் நகரத்துல கேட்டி ஃப்ரீவேன்னு ஒண்ணு, 280 கோடி டாலர் செலவழிச்சு 2008ல அகலப்படுத்தி முடிச்சாங்க, சர்வீஸ் ரோட்டோட சேர்த்து சில இடத்துல 26 லேன். 2011ல இருந்து 2014க்குள்ள அதுல காலை பீக் பயண நேரம் 30 சதவீதமும் சாயங்காலம் 55 சதவீதமும் கூடிடுச்சு. 2011ல டுரான்டன், டர்னர்னு ரெண்டு பேர் அமெரிக்க நகரங்கள் பூரா எடுத்து பாத்ததுல, நகரத்துக்குள்ள பெரிய ஹைவேயோட மொத்த லேன் நீளம் எத்தனை சதவீதம் கூடுதோ கிட்டத்தட்ட அதே சதவீதம் வண்டி ஓட்டமும் கூடுதுன்னு வந்துச்சு.

அப்ப ரோடே போடக் கூடாதுன்னு சொல்ல வர்றீங்களா?

இல்லவே இல்ல. ஊருக்கு ரோடு வேணும், ஆம்புலன்ஸ் வரணும், பஸ் வரணும், தண்ணி குழாயும் சாக்கடையும் போறதே ரோட்டுக்கு அடியில தான். டவுன்ஸ் சொன்னது ஏற்கனவே நெரிசல்ல இருக்கற ஒரு பெரிய ரோட்டை இன்னும் பெருசாக்கி நெரிசலை ஒழிக்க முடியாதுன்னு. அகலமான ரோட்டுல நிறைய பேர் போறாங்களே, அதுவும் ஒரு பலன் தானேன்னு கேட்டா, ஆமா பலன் தான், ஆனா நேரம் மிச்சமாகும்னு சொல்லி அத வித்தது தப்பு.

நான் பாக்குற வரைக்கும் புறநகர்ல பெரும்பாலும் இல்லாதது நடு சைஸ் ரோடு. ஒரு பக்கம் ராட்சத மெயின் ரோடு, இன்னொரு பக்கம் 20 அடி சந்து, ரெண்டுக்கும் நடுவுல லேஅவுட்டை லேஅவுட்டோட கோக்குற ரோடு இல்லவே இல்ல. ஒரே மெயின் ரோட்டை நாலுல இருந்து எட்டு லேனாக்கறத விட, அதுக்கு இணையா ரெண்டு லேன் ரோடு ரெண்டு போட்டா ஜங்ஷன் சின்னதாகும், சிக்னல் சுத்து சீக்கிரம் முடியும், ஒண்ணுல லாரி கவுந்தாலும் இன்னொண்ணு இருக்கு.

புது ரோடு திறந்தா எல்லாருக்கும் லேட் ஆகும்னு ஒருத்தர் சொன்னார், அது எப்படிங்க சாத்தியம்?

1968ல ஜெர்மன் கணித நிபுணர் டீட்ரிச் பிரேஸ் காமிச்சது. பொறுமையா படிங்க. 4,000 கார் ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்கு போகணும், ரெண்டு வழி. முதல் வழியில முதல்ல ஒரு குறுகல் பாலம், அப்புறம் நீள ரோடு. ரெண்டாவது வழியில முதல்ல நீள ரோடு, அப்புறம் குறுகல் பாலம். நீள ரோடு எப்பவும் 45 நிமிஷம், பாலத்துல நூறு காருக்கு ஒரு நிமிஷம்னு நேரம் ஏறும். பாதி பாதியா பிரிஞ்சா 2,000 காருக்கு பாலம் 20 நிமிஷம், மொத்தம் 65.

இப்ப நடுவுல ரெண்டு வழியையும் இணைச்சு, கடக்க நேரமே ஆகாத ஒரு குறுக்கு ரோடு போடறாங்க. நீள ரோடு 45, பாலம் எல்லாரும் ஏறினா கூட 40 தான், அதனால ஒவ்வொருத்தரும் நீள ரோட்டை விட்டுட்டு ரெண்டு பாலத்தையும் புடிக்கறாங்க. 40 கூட்டல் 40, எல்லாருக்கும் 80 நிமிஷம். தனியா ஒருத்தர் பழைய வழிக்கு திரும்பினா அவருக்கு 85, அதனால யாரும் திரும்ப மாட்டாங்க. எல்லா புது ரோடும் இப்படி ஆகாது, ஆனா ரெண்டு இறுக்கமான இடத்தை நேரா இணைக்கிற ரோடுன்னா கணக்கு போட்டு பாக்காம திறக்கக் கூடாது.

ரோடு ரெடி ஆகாம புது வீட்டுக்கு அனுமதியே தரக் கூடாதுன்னு சட்டம் போட்டா போச்சு, ஏன் போட மாட்டேங்கறாங்க?

போட்டு பாத்திருக்காங்க. அமெரிக்காவுல ஃப்ளோரிடா மாநிலம் 1985ல கொண்டு வந்துச்சு, வளர்ச்சியும் வசதியும் கைகோத்து வரணும், ரோட்டுல இடம் இல்லன்னா அனுமதி இல்ல. கேக்க ரொம்ப நியாயமா இருக்கு. ஆனா நடந்தது என்னன்னா, நகரத்துக்குள்ள ரோடு ஏற்கனவே நிறைஞ்சு கிடக்கு, அங்க கட்ட முடியல, ரோடு காலியா கிடக்குற தூர வெளிக்கு பில்டர்கள் போயிட்டாங்க. பஸ்ஸும் கடையும் இருக்கற இடத்துல வீடு தடை, ஒண்ணுமே இல்லாத இடத்துல வீடு ஓகே. கடைசியில 2011ல ரோட்டுக்கு இந்த விதி கட்டாயம் இல்லன்னு மாநிலமே மாத்திடுச்சு.

வாஷிங்டன் மாநிலம் 1990ல கொஞ்சம் வேற மாதிரி எழுதினாங்க, ரோடு இப்பவே இருக்கணும்னு இல்ல, ஆறு வருஷத்துக்குள்ள முடிக்க பணத்துக்கு உறுதி இருக்கணும். இது எனக்கு பிடிச்சிருக்கு, ஏன்னா வாக்குறுதிய பட்ஜெட்டோட கட்டிப் போடுது. கலிஃபோர்னியா 2013ல ஒரு சட்டம் போட்டு அளவுகோலையே மாத்திடுச்சு, 2020 ஜூலைல இருந்து எல்லா இடத்துலயும் அமல். சுற்றுச்சூழல் ஆய்வுல ஜங்ஷன்ல எத்தனை செகண்ட் தாமதம்னு பாக்கறத விட்டுட்டு, இந்த வீடுங்களால மொத்தம் எத்தனை மைல் வண்டி ஓடும்னு பாக்கறாங்க. தூரமா கட்டினா அதிகமா ஓட்டணும், அது தான் பாதிப்புன்னு கணக்கு.

பஸ் விடுங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, பஸ்ஸும் அதே ஜாம்ல தானே நிக்குது?

நிக்குது, அதனால தான் அதுக்கு தனி லேன். அந்த 570 கார் போற லேன்ல காருக்கு ஒன்றரை பேர்னு போட்டா மணிக்கு 855 பேர். அதே லேன்ல நிமிஷத்துக்கு ஒரு பஸ், பஸ்ஸுக்கு 50 பேர்னா 3,000 பேர். பி.சி.யு. கணக்கு மட்டும் பாக்கறவர் பஸ் லேன் காலியா கிடக்குன்னு சொல்வார், ஆள எண்ணிப் பாத்தா அது தான் நிறைஞ்ச லேன்.

ஆனா ஒரு நிபந்தனை, ஜனங்க குடிவர்ற அன்னிக்கே பஸ் ஓடணும். ரெண்டு வருஷம் கழிச்சு விட்டா அதுக்குள்ள எல்லாரும் வண்டி வாங்கி கடன் கட்டிட்டு இருப்பாங்க, வாங்கின வண்டிய வீட்டுல நிறுத்திட்டு யாரும் பஸ் ஏற மாட்டாங்க. கோபன்ஹேகன் 1947லயே கை விரல் மாதிரி ஒரு பிளான் போட்டு, ரயில் பாதை போற திசையில மட்டும் வளர்ச்சி, விரலுக்கு நடுவுல பசுமைன்னு முடிவு பண்ணாங்க. பிரேசில்ல குரிச்சிபா 1974ல இருந்து பஸ் தடம் போற அச்சுல தான் உயர கட்டடம்னு வச்சாங்க. ரெண்டு ஊர்லயும் வீடு எங்க வரணும்ங்கறதையும் வண்டி எதுல போகணும்ங்கறதையும் ஒரே பேப்பர்ல எழுதினாங்க.

ரோட்டுக்கு பீக் ஹவர்ல காசு வாங்கினா கூட்டம் குறையுமா, இல்ல சும்மா வசூலா?

குறையும். சிங்கப்பூர் 1975லயே நகர மையத்துக்குள்ள வர காசு வாங்க ஆரம்பிச்சுது, 1998ல இருந்து எலக்ட்ரானிக். ஸ்டாக்ஹோம்ல 2006ல ஏழு மாசம் சோதனையா வச்சாங்க, எல்லைய தாண்டுற வண்டி சுமார் 20 சதவீதம் குறைஞ்சுது, நிறுத்தினதும் திரும்ப ஏறிச்சு, 2007ல நிரந்தரமாக்கினதும் மறுபடி குறைஞ்சுது. ஆனா மாத்து வழி இல்லாத புறநகர்ல இத வச்சா ஏழைங்களுக்கு தண்டனை தான், முதல்ல பஸ், அப்புறம் காசு.

ஏரியா பிளான் பத்தி கருத்து கேக்குற கூட்டத்துக்கு கூப்பிட்டிருக்காங்க, நான் இன்ஜினியர் இல்ல, என்ன கேக்கட்டும்?

மேப்பை விரிச்சு வைக்க சொல்லுங்க. இந்த ஏரியாவுல இதுவரைக்கும் அப்ரூவல் ஆன வீடு, இன்னும் விண்ணப்பத்துல இருக்கற வீடு, எல்லாம் சேர்த்து எத்தனை, அத்தனைக்கும் ஒண்ணா போட்ட கணக்கு எங்கன்னு கேளுங்க. ரோடு அகலத்தை விட்டுடுங்க, மோசமான ஜங்ஷன் எது, அதுல ஒவ்வொரு திசைக்கும் பச்சை எத்தனை செகண்ட்னு கேளுங்க, பதில் இல்லைன்னா அடுத்த கூட்டத்துக்கு கொண்டு வர சொல்லி குறிப்புல எழுத வைங்க. பஸ் எந்த தேதியில இருந்து ஓடும், அதுக்கு பணம் யார் பட்ஜெட்ல இருக்குன்னு கேளுங்க. உங்க வீட்டு சுவருக்கு அந்தப் பக்கம் என்ன வருதுன்னும் பாத்துக்கங்க, ஸ்கூலோ கடையோ வருதுன்னா நடைபாதை கதவை இப்பவே கேளுங்க.

கடைசியா, மேப்புல வருங்கால ரோடுன்னு புள்ளிக்கோடு போட்டிருப்பாங்க. அத ஃபோன்ல படம் எடுத்துட்டு ஒரு ஞாயித்துக்கிழமை நேர்ல போய் அந்த கோடு நெடுக நடந்து பாருங்க. எல்லைக் கல் நட்டிருக்கா, நடுவுல யாராவது அஸ்திவாரம் தோண்ட ஆரம்பிச்சிருக்காங்களான்னு பாருங்க. தோண்டியிருந்தா அன்னிக்கே படத்தோட எழுத்துல புகார் கொடுத்துட்டு ரசீது வாங்கி வச்சுக்கங்க, தளம் போட்ட பிறகு யார் போய் கேட்டாலும் வீடு இருக்கேன்னு தான் பதில் வரும்.